இணையத்தில் பாட வளங்கள்: தேடலும் தேர்வும்

(கொச்சி, மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சங்காடியில் பள்ளி ஆசிரியர்களும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி ஆசிரியர்களுக்குப் பயன்படும் பாட வளங்களை இணையத்தில் கண்டறிவது எப்படி என்பது எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். பொருளாதாரம் பயின்ற ஓர் அரசு அலுவலருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். பற்றாக்குறையாக உள்ள ஒன்றைச் சிக்கனமாகவும் நியாயமாகவும் பயன்படுத்துவது எப்படி என்பதே பொருளாதாரத்தின் அடிப்படைக் கேள்வியாகும். இணையத்தில் பாட வளங்களுக்குப் பற்றாக்குறை இல்லை. ஆசிரியரின் நேரத்துக்குத்தான் பற்றாக்குறை. எனவே இது பொருளாதாரம் சார்ந்த கேள்வியும் ஆகிறது.

நான் சொல்ல வந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பாட வளத்தைத் தேடும் உழைப்பை ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே சுமப்பது வீண் செலவு. அதைப் பள்ளியும் துறையும் கூட்டுப் பணியாக ஏற்க வேண்டும். அவ்வாறு ஏற்காவிட்டால் இழப்பு ஆசிரியருக்கு மட்டுமன்று. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் கேட்கும் குழந்தைக்கே பெரும் இழப்பு.

பற்றாக்குறைக் காலம்

ஒரு காலத்தில் பாட வளமே அரிய பொருளாக இருந்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் துணையுடன், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களில் தொலைக்காட்சிவழிக் கல்விச் சோதனை நடைபெற்றது. ‘சைட்’ என்று அழைக்கப்பட்ட அச்சோதனையில் காலை வேளையில் பள்ளிக் குழந்தைகளுக்கும் மாலையில் ஊர் மக்களுக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. பின்னர் கல்விக்கென்றே ‘எஜுசாட்’ என்னும் செயற்கைக்கோளை நமது நாடு 2004 செப்டம்பர் 20 அன்று விண்ணில் செலுத்தியது. 2005 ஜூலை 28 அன்று திருவனந்தபுரத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் ‘விக்டர்ஸ்’ கல்வி ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தார்.

இம்முயற்சிகளுக்கெல்லாம் பொதுவான ஓர் இயல்பு உண்டு. எந்தப் பாடத்தை எந்த நேரத்தில் எவ்வாறு காட்டுவது என்பதை ஒளிபரப்பு நிலையமே முடிவு செய்தது. ஆசிரியர் குறித்த நேரத்தில் குழந்தைகளைத் திரைமுன் அமர வைத்தார். தேர்வு செய்யும் உரிமை அவருக்கு இல்லை. தேர்வு செய்யும் சுமையும் இல்லை.

மிகுதியின் விலை

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. மத்திய அரசு 2013-ஆம் ஆண்டு திறந்த கல்வி வளங்களுக்கான தேசியக் களஞ்சியத்தையும், 2015-ஆம் ஆண்டு ‘இ-பாடசாலை’யையும், 2017 ஜூலையில் ‘ஸ்வயம் பிரபா’ அலைவரிசைகளையும், அதே ஆண்டு செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று ‘தீக்ஷா’ தளத்தையும் தொடங்கியது. பாடநூலில் அச்சிட்ட கியூ.ஆர். குறியைக் கைப்பேசியால் படித்தால் அப்பாடத்துக்குரிய காணொளியோ பயிற்சியோ தீக்ஷாவில் திறக்கிறது. இவற்றுக்கு அப்பால் பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் தனியார் பலரும் வெளியிடுபவை கணக்கில் அடங்கா.

இந்த மிகுதிக்கும் ஒரு விலை உண்டு. பொருளொன்றை வாங்குபவர் நல்ல விலையைத் தேடி அலைவதும் ஒரு செலவே என்பதை ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1961-ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் விளக்கினார். செய்தி பெருகும்போது கவனம் வறுமைப்படுகிறது என்ற கருத்தை 1971-ஆம் ஆண்டு ஹெர்பர்ட் சைமன் முன்வைத்தார். இருவரும் பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்கள். இவர்களது சிந்தனை ஆசிரியரின் மாலைப் பொழுதுக்கும் பொருந்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வட்டாரத்தில் ஏழாம் வகுப்பு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாடத்துக்கு ஏற்ற வளத்தைத் தேடி ஒவ்வொருவரும் இரண்டு மணி நேரம் செலவிட்டால் மொத்தம் 20 மணி நேரம். அவர்களில் ஒருவர் மூன்று மணி நேரம் பொறுமையாகத் தேடி, பார்த்து, குறிப்பெழுதி வைத்து, ஏனைய ஒன்பது பேரும் கால் மணி நேரம் செலவிட்டு அதைச் சரிபார்த்தால் மொத்தம் ஐந்தேகால் மணி நேரமே ஆகும். மிஞ்சும் நேரம் ஏறத்தாழ 15 மணி. அந்த நேரம் பின்தங்கிய குழந்தையின் பக்கத்தில் அமர்வதற்கு உரியது.

கேரளத்தின் பட்டறிவு

இத்துறையில் கேரளம் முன்னோடியாகத் திகழ்கிறது. 2001-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், 2017-ஆம் ஆண்டு ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. 2018-இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ் 4,752 பள்ளிகளில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினி, ஒளிவீழ்த்தி முதலியன வழங்கப்பட்டன. கட்டற்ற மென்பொருள்களைப் பயன்படுத்துவது என்று தொடக்கத்திலேயே எடுத்த முடிவால் உரிமக் கட்டணமாக வெளியே செல்ல வேண்டிய பெருந்தொகை மிச்சமாயிற்று.

ஆனால், எனது நோக்கில் இவற்றினும் சிறப்புடையது ‘சமக்ர’ என்னும் வளத்தளம். வகுப்பு, பாடம், அலகு என்ற வரிசையில் வளங்கள் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. ஆசிரியர் அவற்றைத் தமது பாடத்திட்டக் குறிப்போடு இணைத்துக்கொள்ளலாம். நூலகத்தில் நூல்கள் நிறைந்திருப்பதைவிட அவை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதே தேடி வருபவருக்கு உதவும். சமக்ரவின் பயன் அத்தகையது.

2020 ஜூன் 1 அன்று, பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த வேளையில், ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் விக்டர்ஸ் வழியே தொடங்கின. மலையாளத்தோடு தமிழ், கன்னட வழிக் குழந்தைகளுக்கும் பாடங்கள் தயாரிக்கப்பட்டன. அப்போது தெளிவான உண்மை ஒன்று உண்டு. பாடம் ஒளிபரப்பாவது வேறு, அது குழந்தையைச் சென்றடைவது வேறு. கருவியில்லாத வீடுகளுக்காக நூலகங்களிலும் பொது இடங்களிலும் தொலைக்காட்சி வைக்க வேண்டியிருந்தது. பாடம் முடிந்தபின் குழந்தைக்கு எழும் ஐயத்தைக் கேட்டுத் தீர்க்க ஆசிரியரே தேவைப்பட்டார்.

மட்டாஞ்சேரியின் தேவை

இவ்வளவு ஏற்பாடுகள் இருக்கும்போது நாம் ஏன் இன்னும் தேட வேண்டும்? விடை உங்கள் வகுப்பறைகளில் இருக்கிறது. மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் துறைமுக வாணிபத்தால் வளர்ந்த ஊர்கள். மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் ஆகியவை இங்கு வீட்டு மொழிகள். கொங்கணி சமூகத்தாரின் திருமலை தேவஸ்வம் பள்ளியும் குஜராத்தி சமூகத்தாரின் வித்தியாலயமும் இங்குள்ளன. கோட்டைக் கொச்சியின் தோபி கானாவில் சலவைத் தொழில் செய்துவரும் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தமிழ் பேசி வருகின்றன. அண்மைக் காலத்தில் வட மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களின் குழந்தைகளும் பள்ளிகளில் சேர்ந்துள்ளனர்.

மாநிலம் முழுவதற்குமாகத் தயாரிக்கப்படும் வளம் இத்தகைய வகுப்பின் சராசரிக் குழந்தையைக்கூடச் சென்று சேர்வதில்லை. ஏனெனில் இங்கே சராசரிக் குழந்தை என்று ஒருவர் இல்லை. இதே எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள பினானிபுரம் அரசுப் பள்ளியிலிருந்து வளர்ந்த ‘ரோஷ்னி’ திட்டத்தை மாவட்ட நிர்வாகம் 2017-ஆம் ஆண்டு பரவலாக்கியது. குடிபெயர்ந்தோரின் குழந்தைகளை அவர்களது தாய்மொழியிலிருந்து தொடங்கி, படிப்படியாக மலையாளத்துக்கு அழைத்து வருவது அதன் முறை. அது ஒரு வகுப்பறையின் தேவையிலிருந்து பிறந்தது. எத்தளத்திலும் ஆயத்தமாகக் கிடைக்காத ஒன்றை ஆசிரியர்களே உருவாக்கலாம் என்பதற்கு அது சான்று.

ஆயத்தமாகக் கிடைப்பதைப் பொருத்தமாக மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் சிறுவர் படக்கதைகள் பல மொழிகளில் கிடைக்கின்றன. ஒரே படக்கதையை ஒரு குழந்தை கொங்கணியிலும் மற்றொரு குழந்தை தமிழிலும் படித்துவிட்டு, இருவரும் சேர்ந்து அதை மலையாளத்தில் சொல்லலாம். தேவைப்படும் மொழியில் அக்கதை இல்லையெனில் ஆசிரியரே மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். திறந்த உரிமம் அதற்கு இடமளிக்கிறது.

தமிழ் வழி ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு முதல் கியூ.ஆர். குறியுடன் வந்த புதிய பாடநூல்களும், 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும், 2023-ஆம் ஆண்டின் ‘மணற்கேணி’ செயலியும் நல்ல வளங்கள். ஆயினும் அவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை ஒட்டியவை. ஒளி விலகலும் பின்னமும் எங்கும் ஒன்றே. சமூக அறிவியலும் பாடங்களின் வரிசையும் ஒன்றல்ல. மொழி ஒத்திருப்பதால் மட்டும் பாடம் ஒத்துவிடாது.

தேடும் ஒழுங்கு

தேடலைப் பாடநூலிலிருந்து தொடங்க வேண்டும். தேடுபொறியில் பாடத் தலைப்பை இட்டு, முதலில் வருவதை எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. முதலில் வருவது சிறந்தது என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. இப்பாடத்தின் முடிவில் குழந்தை எதைச் செய்யக் கூடியவராக வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொண்டு, பின்னரே தேட வேண்டும். முதலில் மாநிலத் தளம், அடுத்துத் தேசியத் தளங்கள், அவற்றில் கிடைக்காததற்கு மட்டும் வெளியுலகம் என்பது நேரத்தைக் காக்கும் வரிசை.

வெளியுலகிலும் நம்பத்தக்க சில இடங்கள் உண்டு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் கார்ல் வீமன் 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ பாவனைகள், மின்சுற்று போன்றவற்றை மாணவர் தாமே இயக்கிப் பார்க்க உதவுகின்றன. அவற்றைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணைப்பு இல்லாத நேரத்திலும் இயங்கும். வடிவியலுக்கு ‘ஜியோஜீப்ரா’ உள்ளது. கழிவுப் பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யும் முறைகளை அரவிந்த் குப்தா தமது தளத்தில் இலவசமாகத் தந்துள்ளார். அங்கே கணினி, குறிப்பைப் படிப்பதற்கு மட்டுமே தேவை. பாடம் தீப்பெட்டியாலும் உறிஞ்சுகுழலாலும் நடக்கும்.

கிடைத்த வளத்தை வகுப்புக்குக் கொண்டு செல்லும் முன் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். இதைத் தயாரித்தவர் யார், எந்த ஆண்டில்? நாம் எழுதிக்கொண்ட வாக்கியத்துக்கு இது உதவுகிறதா? இதன் மொழியும் எடுத்துக்காட்டுகளும் என் மாணவருக்குப் புரியுமா? இணைப்பு அறுந்தால் பாடம் நின்றுவிடுமா? இதை மாற்றவும் பகிரவும் உரிமை உண்டா? இவற்றில் முதலிரண்டு கேள்விகளுக்கு நிறைவான விடை இல்லையெனில், அவ்வளம் எவ்வளவு அழகாக இருப்பினும் ஒதுக்கிவிடலாம்.

கொச்சங்காடியே ஓர் எடுத்துக்காட்டு

சரிபார்த்தலின் இன்றியமையாமையை இவ்வூரைக் கொண்டே விளக்கலாம். மட்டாஞ்சேரியின் பழைய யூதர் தொழுகைக்கூடம் எப்போது கட்டப்பட்டது என்று மாணவர் இணையத்தில் தேடினால், ஓரிடத்தில் 1568 என்றும் மற்றோரிடத்தில் 1344 என்றும் காண்பார். ஒன்று பிழை என்று முடிவு கட்டினால் அதுவே பிழையாகிவிடும். 1568 என்பது யூதத் தெருவில் இன்றும் நிற்கும் பரதேசி தொழுகைக்கூடத்தின் ஆண்டு. 1344 என்பது கொச்சங்காடியில் இருந்து மறைந்துபோன முந்தைய தொழுகைக்கூடத்துக்குச் சொல்லப்படும் ஆண்டு. அதன் எபிரேயக் கல்வெட்டுப் பலகை பரதேசி தொழுகைக்கூட வளாகத்தில் பதிக்கப்பட்டுள்ளது. இரண்டு கட்டடங்கள், இரண்டு ஆண்டுகள். படித்தவர் ஒன்றாகக் கருதியதால் குழப்பம்.

இந்த வேறுபாட்டை உணர உங்கள் மாணவர்கள் வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நடந்து சென்றே பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் விடை எழுதித் தரும் இந்நாளில் இவ்வகைப் பயிற்சி மேலும் தேவைப்படுகிறது. கேரளத்தில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் 80,000 பேருக்கு இத்தொழில்நுட்பத்தில் பயிற்சி அளிக்கும் பணியை 2024 மே மாதத்தில் கைட் நிறுவனம் தொடங்கியது. கருவியைப் பயன்படுத்தக் கற்பதோடு, அது தரும் விடையை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பதையும் கற்பதே பயிற்சியின் பயனாகும். அவ்வாறு சரிபார்த்த செய்தியை இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி வைத்தால், கொச்சங்காடியைப் பற்றிய நம்பத்தக்க பாட வளம் ஒன்று பிறந்துவிடும். உள்ளூர்ப் பாடத்தை வெளியூரார் எழுதித் தருவார் என்று காத்திருக்க இயலாது.

உரிமையும் உரிமமும்

பார்க்க இலவசம் என்பதும் பகிர உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதற்கு இடமளிக்கிறது. பாடத்துக்குத் தேவையான பகுதிகளை ஒளிநகல் எடுத்துத் தொகுப்பது பற்றிய வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு இப்பிரிவை விரிவாகவே பொருள் கொண்டது. எனினும், அதே படைப்பைப் பொதுத் தளத்தில் ஏற்றி எல்லோருக்கும் வழங்குவது வேறு செயல். அதற்கு உரிமையாளரின் இசைவு தேவை.

இதனால்தான் 2002-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமங்கள் ஆசிரியர்களுக்குப் பெருந்துணையாயின. ஆக்கியோன் பெயரைக் குறிப்பிட்டால் போதும், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், பகிரலாம் என்று அவ்வுரிமங்களில் சில முன்கூட்டியே இசைவு தருகின்றன. ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற சொல்லை யுனெஸ்கோ கூட்டிய மன்றம் அதே 2002-இல் வழக்குக்குக் கொண்டு வந்தது. 2019 நவம்பரில் அது பற்றிய பரிந்துரையை யுனெஸ்கோ பொது மாநாடு ஏற்றது. நீங்கள் ஆக்கும் குறிப்புகளிலும் பெயரும் ஆண்டும் உரிமமும் எழுதி வையுங்கள். அந்த மூன்று சொற்கள் இல்லாத நல்ல குறிப்பு, அடுத்த பள்ளிக்குப் பயன்படாமலே போகும்.

அலுவலர்களின் கடமை

இறுதியாக, நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குச் சில சொற்கள். எத்தனை பேர் தரவிறக்கினர், எத்தனை காணொளிகள் ஏற்றப்பட்டன என்ற எண்ணிக்கையை வளர்ச்சியின் அளவுகோலாகக் கொள்வது எளிது. அவ்வெண்ணிக்கை கற்றலைக் காட்டாது. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவதற்காகவே காணொளியைத் திறந்து மூடும் வழக்கம் அதனால் வளரும். ஒரு வளத்தை வகுப்பில் பயன்படுத்திய ஆசிரியர் அதைப் பற்றி எழுதிய மூன்று வரிகள், ஆயிரம் தரவிறக்கங்களைவிட அதிகம் சொல்லும்.

ஆகவே மூன்று ஏற்பாடுகளை முன்வைக்கிறேன். முதலாவது, ஆசிரியர்களின் வட்டாரக் கூட்டங்களில் வளங்களைத் தேர்வதற்கென நேரம் ஒதுக்குதல். அது வேலை நேரமாகவே கருதப்பட வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வேலையாக அன்று. இரண்டாவது, பள்ளிதோறும் ஒரு தெரிவுப் பதிவேடு. பாடம், வளத்தின் முகவரி, பயன்படுத்திய நாள், எந்தக் குழந்தைகளுக்கு உதவிற்று, எங்கே உதவவில்லை என்பவை அதில் இடம்பெறட்டும். காகிதத்தில் இருந்தாலும் குற்றமில்லை. ஆசிரியர் மாற்றலாகிச் சென்றாலும் பதிவேடு பள்ளியில் நிற்கும். மூன்றாவது, புதிய தளங்களைத் தொடங்குவதற்கு இணையாகப் பழைய தளங்களைப் பராமரிக்கவும் நிதி ஒதுக்குதல். தளத்தின் முகவரி மாறும்போது ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த இணைப்புகள் ஒரே நாளில் பயனற்றுப் போகின்றன. அந்த இழப்பு எந்தத் தணிக்கைக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பாட வளம் எதுவாயினும், அது ஆசிரியருக்கும் குழந்தைக்கும் இடையில் நடக்கும் உரையாடலுக்குத் துணையே. மட்டாஞ்சேரியில் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எது உதவும் என்பதை எந்தத் தேடுபொறியும் அறியாது, நீங்கள் அறிவீர்கள். அந்த அறிவைப் பயன்படுத்த உங்களுக்கு நேரம் வேண்டும். அதை மீட்டுத் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு. மீட்ட நேரத்தில் நீங்கள் கண்டறிந்ததை அடுத்த வகுப்பறைக்குக் கையளிப்பது உங்கள் பொறுப்பு. அடுத்த பாடத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.